தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது

ஓட்டல் பில் கைக்கு வந்தால் எல்லோரும் அடியிலிருக்கும் மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள். நான் நடுவிலிருக்கும் வரிகளைப் படிப்பேன், அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும். தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு லாட்ஜில் 1979-ல் பில் கிளார்க்காகச் சேர்ந்து, கணக்குப்பிள்ளையாகி, 2018-ல் வெளியே வந்தவனுக்கு இது பழக்க தோஷம்.

2016-ல் ஒரு கல்யாணத்துக்காகப் பினாங்கு போனோம். ஜார்ஜ் டவுனில் மூன்று நட்சத்திர ஓட்டல். கிளம்பும் நாள் காலையில் பில்லைப் பார்த்தால், ரூம் வாடகைக்குக் கீழே இரவுக்கு இரண்டு ரிங்கிட் என்று தனியாக ஒரு வரி. கவுன்டரில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்டேன். "அது ஹோட்டல் ஃபீ, அங்கிள். பினாங்குக்குப் போறது. ஊருக்கு நாலு பேர் வரணுமில்ல, அதுக்கு" என்றாள். பினாங்கு மாநிலம் 2014 ஜூன் முதல் வாங்கிக்கொண்டிருந்த கட்டணம் அது. மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும் இரண்டு ரிங்கிட், நான்கும் ஐந்தும் மூன்று ரிங்கிட். (அடுத்த வருஷம் செப்டம்பரில் மலேசியா முழுவதற்கும் ஒரு சுற்றுலா வரி வந்து, வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவொன்றுக்குப் பத்து ரிங்கிட் ஆனது.) இலங்கையில் 2003-லிருந்தே ஓட்டல்களின் வரவில் நூற்றுக்கு ஒரு பங்கு சுற்றுலா அபிவிருத்திக்கென்று தனியாகப் போகிறது. லாஸ் ஏஞ்சலஸில் 2011-ல், ஐம்பதும் அதற்கு மேலும் அறைகள் உள்ள ஓட்டல்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு ஒன்றரை சதவீதம் போட்டு ஊரை விளம்பரம் செய்யத் தொடங்கின.

அந்த இரண்டு ரிங்கிட் விமானத்தில் மூன்றரை மணி நேரம் என்னைத் தூங்கவிடவில்லை. முப்பத்தைந்து வருஷமாக நானும் ரூம் வாடகைக்குக் கீழே ஒரு வரி எழுதிக்கொண்டுதானே இருந்தேன், அந்தப் பணம் எந்த ஊருக்குப் போயிற்று?

நான் சேர்ந்தபோது அப்படி ஒரு வரி பில்லில் கிடையாது. ரூம் வாடகை, காபி டிபன், லாண்டரி, டிரங்க் கால், அவ்வளவுதான். சட்டம் வந்தது 1981-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். ஓட்டல்களிலும் தங்கும் விடுதிகளிலும் அனுபவிக்கும் சொகுசுக்கு வரி. பத்திரிகைகளில் சொகுசு வரி, ஆடம்பர வரி என்றெல்லாம் எழுதுவார்கள். கவுன்டரில் நாங்கள் சொன்னது லக்சரி டாக்ஸ். சட்டத்தின் பெயரைக் கேட்டதும் முதலாளி சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. உடுப்பிப் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் வந்து, டேபிள் துடைத்து, பிறகு சொந்தமாக லாட்ஜ் போட்டவர். நாற்பத்திரண்டு ரூம். இரும்புக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, ஒரு ஃபேன், மண் கூஜா. "இதுல எங்கேடா இருக்கு லக்சரி? கூஜாவிலயா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். அதே கேள்வியைப் பெரிய ஓட்டல்காரர்கள் உச்ச நீதிமன்றத்தில் வேறு விதமாகக் கேட்டார்கள். குஜராத், கர்நாடகம், மேற்கு வங்கம், தமிழ்நாடு என நான்கு மாநிலச் சட்டங்கள் மேலும் வழக்கு. 1989-ல் நீதிபதி வெங்கடாசலய்யா எழுதிய தீர்ப்பு மாநிலங்கள் பக்கம் நின்றது. விருந்தாளி ஏசியைப் போட்டாரா, டெலிபோனை எடுத்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை. வசதியை ஏற்பாடு செய்து வைத்திருந்தாலே வரி விதிக்கலாம். இந்த அதிகாரமெல்லாம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 62-வது இனத்திலிருந்து வந்தது. அந்த இனத்தில் சொகுசுக்குக் கூட யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள்: கேளிக்கை, பந்தயம், சூதாட்டம். கபாலி கோயிலுக்குப் பிரார்த்தனை செலுத்த வந்து எங்கள் லாட்ஜில் ஒரு ராத்திரி படுத்த கும்பகோணத்துக் கிழவர், சட்டத்தின் கண்ணுக்குக் குதிரைப் பந்தயக்காரர் வீட்டுப் பங்காளி.

என் கட்சி இதுதான். பினாங்கில் அந்த இரண்டு ரிங்கிட்டுக்கு வைத்த பெயர் வேறு, இங்கே வைத்த பெயர் வேறு. சொகுசு என்று பெயர் வைத்துவிட்டால், கொடுப்பவன் காசு மிஞ்சியவன், வாங்குகிறவன் அதைக் கறக்கிறவன் என்று ஆகிவிடுகிறது. கொடுத்த பணத்தில் அவன் வந்த தெருவுக்கு ஒரு விளக்குப் போடலாமே என்ற எண்ணமே வருவதற்கு வழியில்லை. மாதா மாதம் நான் ரிட்டர்ன் எழுதிக்கொண்டுபோய் வணிகவரி அலுவலகத்தில் கொடுப்பேன். அது அரசின் பொது நிதியில் விழும். சுற்றுலாத் துறைக்கு வேண்டியதைச் சட்டமன்றம் தனியாக ஒதுக்கும். 1971-ல் தொடங்கிய சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வாலாஜா சாலையில் இருக்கிறது. எங்கள் பணத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இடையே ஒரு நூலும் இல்லை.

லாட்ஜும் வரியும் வருவதற்கு முன்னால் இந்தத் தேசத்தில் வழிப்போக்கன் தங்கிய கதையே வேறு. அப்போது தங்குகிறவன் கொடுக்கவில்லை, ஊர்தான் கொடுத்தது. தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேசுவரம் போகும் சாலையில் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-ல் முக்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரம் இன்னும் நிற்கிறது. இந்தச் சத்திரங்களுக்கென்று கிராமங்களை எழுதிவைத்தார்கள். நெல் விளையும், இலை போடப்படும். கும்பினி அரசு கோயிலையும் பாலத்தையும் சத்திரத்தையும் ஒரே கட்டாகக் கட்டி 1817-ல் ஏழாவது ரெகுலேஷன் போட்டு, எழுதிவைத்த சொத்து எழுதிவைத்த காரியத்துக்கே போகிறதா என்று பார்க்கும் வேலையை ரெவின்யூ போர்டிடம் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள், இந்த வருமானம் இந்தக் காரியத்துக்கு என்று அன்றைக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் அந்த மரபின் கடைசிக் கொழுந்துகளில் ஒன்று.

சத்திரத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது பொது வழக்கம். பட்டணத்தில் வேலையாக வருகிறவனுக்கு மூன்று நாள் போதாது. கோர்ட் வாய்தா, ஆஸ்பத்திரி, சினிமா சான்ஸ், எதுவும் மூன்று நாளில் முடிகிற விஷயமில்லை. அந்த இடத்தில்தான் உடுப்பிக்காரர்கள் நுழைந்தார்கள். கே. கிருஷ்ணராவ் 1938-ல் ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவைப் பிடித்து உட்லண்ட்ஸ் நடத்தினார். பங்களாவின் பெயரே ஓட்டலுக்கும் ஆயிற்று. 1952-ல் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் நியூ உட்லண்ட்ஸ். அந்த ரோடு பிறகு ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. ராதாகிருஷ்ணன் அந்தத் தெருவிலேயே குடியிருந்தவர். 1962-ல் டிரைவ்-இன். அதன் இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. எங்கள் முதலாளி கிருஷ்ணராவ் பெயரைச் சொல்லும்போது மட்டும் கல்லாவிலிருந்து எழுந்து நிற்பார்.

தியாகராய நகர் 1920-களில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். அங்கே பேர்போன பழங்கோயிலோ கோட்டையோ கிடையாது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அதற்கு அரைப் பக்கத்துக்கு மேல் தரமாட்டார்கள். ஆனால் எங்கள் ரூம் காலியாக இருந்ததில்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்கள்தான் காரணம். திருநெல்வேலியிலிருந்து ஒரு வேன் நிறைய வருவார்கள். பெண்களெல்லாம் கடைக்குப் போக, ஆண்களெல்லாம் ரூமில் படுத்திருப்பார்கள். இருபத்துநாலு மணி நேரக் கணக்கு எங்களுடையது. எத்தனை மணிக்கு வந்தாயோ மறுநாள் அத்தனை மணிக்குக் காலி செய். பன்னிரண்டு மணிக் கணக்கெல்லாம் நட்சத்திர ஓட்டல்களில்தான். ஒரு புடவைக்குக் கரை பிடிக்கவில்லை என்று அந்த இருபத்துநாலு மணி தாண்டிப்போய், அரை நாள் வாடகைக்காகச் சம்பந்திகள் என் கவுன்டர் முன்னால் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் இலங்கைத் தமிழர்கள். 1982 மே மாதம் பாண்டி பஜாரில் ஈழப் போராளிகளுக்குள் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு எங்கள் ரெஜிஸ்டரைப் பார்க்க வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. வெளிநாட்டவர் தங்கினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் 'சி' ஃபாரம் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு அந்த ஃபாரத்தை நான் எழுதின எழுத்தில் ஒரு புராணமே எழுதியிருக்கலாம். பெயர், பாஸ்போர்ட், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார். கடைசிக் கட்டத்துக்கு அவர்களிடம் பதில் இருக்காது. மாதக்கணக்கில் தங்கிய அந்தக் குடும்பங்களுக்கு நான் போட்ட பில்லிலும் அந்த வரி இருந்தது. லக்சரி டாக்ஸ்.

மத்திய அரசு சும்மா இருக்குமா? 1987-ல் செலவு வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ரூம் நாளொன்றுக்கு 400 ரூபாயும் அதற்கு மேலும் இருக்கும் ஓட்டல்களில் பத்து சதவீதம். 1989-ல் அது இருபது ஆனது. எங்கள் டபுள் ரூம் அப்போது 120 ரூபாய், அதனால் எங்களைத் தொடவில்லை. கதீட்ரல் ரோடு பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலில் கேஷியராக இருந்த என் சிநேகிதன் தலையில் விழுந்தது. அவன் சொன்ன வேடிக்கை ஒன்று. அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் அந்த வரி கிடையாது. டாலரை நீட்டுகிற வெள்ளைக்காரருக்குத் தள்ளுபடி, ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுக்கும் கோயம்புத்தூர் மில்காரருக்கு இருபது சதவீதம் சேர்த்து. மில்காரர் ஒருத்தர் கேட்டாராம்: "ஏனுங்க, நான் இங்கிலீஷ்ல பேசினா குறைப்பீங்களா?" அந்த வரி 2003-ல் ஒழிந்தது. அதற்காக யாரும் அழவில்லை.

மாநில வரி மட்டும் இருந்தது, வளர்ந்தது. கடைசிக் காலத்தில் ஆயிரம் ரூபாயைத் தொட்ட ரூமுக்குப் பன்னிரண்டரை சதவீதம், அதற்குக் கீழே குறைந்த விகிதம். இதனால் எங்கள் தொழிலில் ஒரு தனி எண்கணிதம் உண்டாயிற்று. மேல் மாடி ஏசி ரூமுக்கு முதலாளி 1,050 என்று வைக்க நினைத்தார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். கடைசியில் போர்டில் எழுதியது 990. எக்ஸ்ட்ரா பெட் என்று எழுதினால் அது வாடகையோடு சேர்ந்துவிடும் என்பதால் 'பாய் தலையணை' என்று தனித் துண்டுச் சீட்டில் எழுதுவோம். இது சரியா என்று கேட்காதீர்கள். தணிக்கைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "உங்க லாட்ஜ்ல பாய் ரொம்ப உயர்ந்த ரகம் போலிருக்கே" என்று மட்டும் சொன்னார். மறு மாதத்திலிருந்து அந்தச் சீட்டை நிறுத்திவிட்டோம்.

இனி டிசம்பர் மாதத்துக் கதைக்கு வருகிறேன். நான் குடியிருப்பது மயிலாப்பூரில், கிழக்கு மாட வீதியிலிருந்து பிரியும் சந்தொன்றில். லாட்ஜுக்குப் போக 12பி பஸ். மார்கழி பிறந்தால் எங்கள் ரூம்களுக்கும் ஒரு வேறு ஜாதி விருந்தாளிகள் வருவார்கள். நியூஜெர்சி, சிங்கப்பூர், பெங்களூர். ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூரில் இடம் கிடைக்காதவர்கள் எங்களிடம் வருவார்கள். கையில் கச்சேரி அட்டவணை, காலையில் எந்த சபாவில் இட்லி நன்றாயிருக்கும் என்ற கேள்வி. 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு ஒட்டி நடத்திய சங்கீத மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி, 1928-ல் அமைப்பானது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் சீசன். இன்றைக்குத் தென் சென்னைக்கு உலகத்திலிருந்து ஆட்களை இழுத்துவரும் சமாசாரம் எது என்று கேட்டால், இந்த ஒரு மாதத்தைச் சொல்லலாம். கபாலி கோயில் அறுபத்துமூவரைச் சொல்லலாம். இரண்டையும் எந்த வரியும் உண்டாக்கவில்லை. அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் மோர் கொடுப்பவர் யார், புளியோதரை கொடுப்பவர் யார்? கடைக்காரர், தெருக்காரர், பெயர் போடாத யாரோ. சபாக்களை நடத்தியது உறுப்பினர் சந்தா, டிக்கெட், ஸ்பான்சர், அப்புறம் மலர்.

அந்த மலரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு சின்ன சபாவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் தொண்டன். கச்சேரி ஹாலில் நாற்காலி போடுவதைவிடப் பெரிய வேலை, ஆண்டு மலருக்கு விளம்பரம் பிடிப்பது. நவம்பரில் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். அப்பளக் கடை, நகைக் கடை, பாங்க், ஆடிட்டர், லாட்ஜ். முழுப் பக்கம் இவ்வளவு, அரைப் பக்கம் இவ்வளவு, பின் அட்டை பேரம். அரைப் பக்கத்தில் அச்சாவது என்ன? 'நல்வாழ்த்துகளுடன்' என்று ஒரு வரி, கீழே கடையின் பெயர். அதைப் பார்த்து எவனாவது எங்கள் லாட்ஜுக்கு வந்தான் என்றால் நான் நம்பமாட்டேன்.

என் முதலாளியிடமும் போய் நின்றேன். முதல் வருஷம் 1986 என்று நினைவு. சங்கீதத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. யக்ஷகானம் தவிர எதையும் பாட்டு என்று ஒப்புக்கொள்ளமாட்டார். "நம்ம ஆள் தொல்லைடா" என்று முனகிக்கொண்டே ஐநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன். "தர்மத்துல எழுது" என்றார். மார்ச்சில் ஆடிட்டர் வந்து அதை அடித்துவிட்டு 'விளம்பரச் செலவு' என்று மாற்றினார். தர்மம் என்றால் வருமான வரிக் கழிவு கிடைக்காது, விளம்பரம் என்றால் கிடைக்கும். வருஷா வருஷம் இது நடந்தது. முதலாளி தர்மம் என்பார், ஆடிட்டர் விளம்பரம் என்பார். பினாங்கிலிருந்து திரும்பும்போதுதான் எனக்குப் புரிந்தது, இருவர் சொன்னதும் சரி. டிசம்பரில் எங்கள் ரூம் நிரம்புவதற்கு எங்கள் ரூம் வருமானத்திலிருந்து போன காசு அது ஒன்றுதான். சட்டம் கேட்காமல், ரசீதுப் புத்தகத்தோடு ஒரு கணக்குப்பிள்ளை கேட்டதால் போன காசு.

அப்படியானால் பினாங்கு மாதிரி இங்கேயும் ஊர்க் கட்டணம் போடலாமே என்று என் மருமகன் கேட்டான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஆப் ஒன்று இருந்தால் போதும். நான் அவ்வளவு சுலபமாக ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. நம் ஊரில் அப்படி ஒரு நிதி சேர்ந்தால் முதலில் ஒரு அலங்கார வளைவு வரும், அதில் பெரிய பெரிய முகங்கள் வரும், குளத்தங்கரையில் கழிப்பறை மட்டும் வராது. இது என் கசப்பு, தவறாகவும் இருக்கலாம். ஆனால் சட்டமே இப்போது கதவைச் சாத்திவிட்டது. 101-வது அரசியல் சட்டத் திருத்தம் அந்தப் பழைய 62-வது இனத்திலிருந்து சொகுசு என்ற சொல்லையே எடுத்துவிட்டது. உள்ளாட்சிகளுக்கு என்று மிச்சம் வைத்தது கேளிக்கை வரி மட்டும். 2017 ஜூலை முதல் தேதி லக்சரி டாக்ஸ் செத்தது. ஜி.எஸ்.டி. வந்தது. மாநகராட்சி நினைத்தாலும் பழைய வழியில் ரூம் வாடகை மேல் கை வைக்க முடியாது. ஓட்டல்காரர்கள் தாங்களாக முன்வந்து போட்டால் உண்டு, அந்த மலர் விளம்பரம் மாதிரி.

ரூம்களும் குறைந்துகொண்டு வருகின்றன. டி.டி.கே. சாலையில், மியூசிக் அகாடமி இருக்கிற அதே சாலையில், அடையாறு கேட் என்று நாங்கள் சொல்லிப் பழகிய ஓட்டல், பார்க் ஷெரட்டன் ஆகி, கிரவுன் பிளாசா ஆகி, 2023 டிசம்பரில் மூடப்பட்டது. சீசன் நடுவில். அந்த இடத்தில் குடியிருப்பு வரும் என்றார்கள்.

ஜி.எஸ்.டி. வந்தபோது ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள ரூமுக்கு வரி இல்லை. ஆயிரத்துக்குப் பன்னிரண்டு சதவீதம். அதாவது ஒரு ரூபாய் ஏற்றினால் விருந்தாளி 121 ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டும். அப்போது முதலாளியின் மகன்தான் கல்லாவில். ஊரெல்லாம் 999 ஆனது. நாங்களும் 990-ஐ அழித்து 999 என்று எழுதினோம். நான் ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசி விலை மாற்றம் அது. 2022 ஜூலை 18-ல் அந்த விலக்கும் போயிற்று, 999-க்கும் பன்னிரண்டு சதவீதம். 2025 செப்டம்பர் 22-லிருந்து 7,500 வரைக்கும் ஒரே ஐந்து சதவீதம். இப்போது 999-க்கும் 1,000-க்கும் வரியில் பேதமே இல்லை. நாற்பது வருஷமாக ரேட் போர்டில் நாங்கள் தாண்டிக் குதித்த கோடுகளெல்லாம் அழிந்துபோயின.

போன தீபாவளிக்கு முதலாளியின் பேரன் போன் செய்தான். லாட்ஜுக்குப் புது போர்டு எழுதப் போகிறார்கள், வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் தாத்தா என்றான். போனேன். பெயின்டர் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். கூஜா இருந்த இடத்தில் மின்சாரக் கெட்டில். ரூம்களெல்லாம் ஏற்றி, முக்கால்வாசி இரண்டாயிரத்துக்கு மேல். கீழ்த்தளத்து நான்கு சிங்கிள் மட்டும் பழைய 999. "இதுக்கு இனிமே காரணம் இல்லைப்பா, ரவுண்டா ஆயிரம்னே வை" என்றேன்.

"இல்ல தாத்தா, ஆன்லைன்ல தேடறவங்க ஆயிரத்துக்குக் கீழன்னுதான் டிக் பண்ணுவாங்க" என்றான்.

பெயின்டர் மூன்றாவது ஒன்பதை எழுதிக்கொண்டிருந்தான்.